கீழே ஓடும் எழுத்து

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.
கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படங்களில்
ஃபோனை வைக்கும்போது
ஒருவரும் "வச்சிடறேன்" என்பதில்லை.
பேசுவார்கள், டொக்.
கொலையை மன்னித்துவிடுவேன்,
இதை முடியவில்லை.

அப்புறம் சாப்பாடு.
தட்டு நிறைய வரும். ஒரு வாய்.
யாரோ கதவைத் தட்டுவார்கள், எழுந்து போய்விடுவாள்.
நவநீதம் அந்த இடத்தில்
எப்போதும் உள்ளே போய்விடுகிறாள்,
பார்க்கப் பொறுக்காமல்.

கார் ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பதே கிடையாது.
பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்த்தே
அரை மைல் போகிறான்.
பாடி மேம்பாலத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

குதிரைப் படங்களில் ஆறு குண்டுத் துப்பாக்கி
பதினோரு முறை சுடும். எண்ணியிருக்கிறேன்.
ஆடிப் பாடுகிற படங்கள் எனக்குப் பிடிக்கும்,
யாரும் வாதாட வர வேண்டாம்.
மழை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.
அங்கே அது தொப்பி விளிம்பில் சொட்டும், அழகாக.
கொளத்தூரில் மழை
கீழிருந்து வரும்.

எழுபத்தேழில் மவுண்ட் ரோட்டில் காலைக் காட்சி.
டிக்கெட் இரண்டும் என் காசு.
அது நெவிலுக்கு மொழிபெயர்ப்புக் கூலி.
ரயில்வே காலனிப் பையன்,
வீட்டிலேயே இங்கிலீஷ் பேசுகிறவன்.
என் இடது காதில் பெப்பர்மின்ட் வாசனையோடு
அமெரிக்கா முழுவதையும் சொன்னான்.

ஒரு படம். பெயர் அப்போதும் தெரியாது.
ரயில் நிலையம், புகை,
கையுறை போட்ட ஒருத்தி
தொப்பிக்காரனிடம் கவர் ஒன்றைக் கொடுக்கிறாள்.
அவன் ஏதோ சொல்கிறான். பளாரென்று அறைகிறாள்.
வண்டி நகர்ந்ததும் சிரிக்கிறாள்.

நெவில் கிசுகிசுத்தான்:
"போர்ல செத்துட்டான்னு சொன்னாங்களே, அந்தப் புருஷன்டா.
நான் உயிரோட இருக்கிறத
யார்கிட்டயும் சொல்லாதேங்கிறான்."

நான் வேர்க்கடலைப் பொட்டலத்துக்குள்
முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.
கல்யாணமான முதல் வாரம்
நவநீதத்துக்குச் சொன்ன கதையும் அதுதான்.
அவளும் அழுதாள்.
அப்படித்தான் பேச ஆரம்பித்தோம்.

போன மாதம் மாப்பிள்ளை மாட்டிவிட்டுப் போன டிவியில்
தேடாமலே வந்து நின்றது அந்த ஸ்டேஷன்.
கீழே எழுத்து ஓடுகிறது, தமிழில்.

தொப்பிக்காரன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்.
கவரில் கட்டாத தவணை.
அறை விழுந்தது, அவள் நாயைப் பற்றிச் சொன்னதற்கு.
சிரித்தது, அவன் தொப்பியில்
விலைச்சீட்டு தொங்கியதற்கு.

மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
ஈரக் கையோடு வந்த நவநீதம் கேட்டாள்:
"புருஷன் எங்க?"
"எந்தப் புருஷன்?"
"செத்துப் போனவன்."

பெர்த்தில் அப்போது நள்ளிரவு இருக்கும்.
நெவில் எடுத்தான். இருமல் வரும் வரை சிரித்தான்.
"எனக்கு மட்டும் என்னடா புரிஞ்சுது,
எல்லாம் மூக்காலயே பேசறானுங்க.
டிக்கெட் நீ வாங்கிட்ட,
ஏதாச்சும் சொல்லணுமில்ல."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு:
"எங்கப்பா வேலைக்குப் போயிட்டு
திரும்பி வராம போனது அந்த வருஷம்தான்.
ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.
இல்லை.
அவன் வீட்டுக்குப் போய்
மாட்டுக்கறி வறுவலும் ரொட்டியும் தின்றது ஞாபகம் இருந்தது.
மேஜையில் எத்தனை பேர் என்று
அன்றைக்கு நான் எண்ணவில்லை.

"வச்சிடறேன்" என்றான். வைக்கவில்லை.
அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
நானும் வைக்கவில்லை.

மறுநாள் நவநீதம் அதே படத்தைப் போடச் சொன்னாள்.
எழுத்தை எடுத்துவிட்டுப் போட்டேன்.
மற்றபடி, சுமாரான படம்தான்.
பெரம்பூர் லோகோவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் சொல்கிறேன்,
நிற்கிற எஞ்சினிலிருந்து
அவ்வளவு புகை வராது.