ஐஸ் கம்பெனியின் சுருதி

இரண்டு பெட்டிகள். சவப்பெட்டியா என்று
கேட்டுவிட்டுத்தான் இறக்கினார் மினி லாரிக்காரர்.
பேண்டு அறைக் கதவில் இரண்டுமே நுழையவில்லை.
தங்கச்சிமடம், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
ஏலக் கொட்டகையில் வைத்துப் பிரித்தோம்,
நானும், டிரம் அடிக்கும் ரெமிஜியுசும்.

கான்ட்ராபாஸ் கிளாரினெட்.
பெயரைச் சொல்லவே ஒரு மூச்சு கேட்கிறது.
பங்குப்பேரவை கொடுத்த கெடு ஒரு பகல்.
ஒன்றை வைத்துக்கொள், மற்றதைத் திருப்பி அனுப்பு.

முதலாவது உலோகம்.
காகிதம் செருகும் கிளிப்பைப் பெரிதாக்கியது போல
மடிந்து மடிந்து ஏறி இறங்கும் குழாய்.
நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம்.
உதடு பட்டதும் பேசிவிட்டது,
கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் கடைப் பையன்.
கீழே இறங்க இறங்கத்தான் குரல் மெலிந்தது,
தகரக் குடத்துக்குள் யாரோ
கணக்குச் சொல்கிற மாதிரி.

இரண்டாவது தோதகத்தி மரம்.
மடிப்பே கிடையாது. என்னைவிட ஒரு முழம் உயரம்.
மீன் பெட்டியைக் கவிழ்த்து ஏறி நின்றேன்.
காற்றை வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தது.
"இம்புட்டு யோசிக்கிறத சப்பர ஊர்வலத்துல
எப்பிடி நம்புறது?" என்றான் ரெமிஜியுஸ்.
பிறகு வந்தது.
காதுக்கு வரவில்லை. கொட்டகைத் தூணுக்கு வந்தது,
என் முட்டிக்கு வந்தது,
தராசுத் தட்டில் ஒட்டியிருந்த செதில்களுக்கு வந்தது.

நண்டுக் கம்பெனியில் ஓடு உடைக்கிற கை எனக்கு.
வலது சுண்டுவிரலில் மூன்று தையல், போன வாரம்.
மரத்தின் கடைசிச் சாவி
அந்த விரல் எட்டாத தூரத்தில்
சரியாக ஒரு நெல்லளவு தள்ளி இருந்தது.
உலோகத்தில் எல்லாச் சாவியும் கைக்குள்.

சுருதிப் பெட்டி கொண்டுபோகவில்லை.
ஐஸ் கம்பெனி கம்ப்ரஸர்
நாள் முழுக்க ஒரே ஸ்வரத்தில் நிற்கும்.
அதோடு சேர்த்துப் பிடித்தால்
இரண்டு ஒலிக்கும் நடுவில் ஓர் ஆட்டம் பிறக்கும்,
கரையில் கட்டிப்போட்ட வல்லம் போல.
வேகமாக ஆடினால் விலகல் அதிகம்.
காலை எட்டு மணிக்கு உலோகம், நொடிக்கு இரண்டு ஆட்டம்.
மணல் சுட்ட பிறகு நான்கு.
மரம் காலையில் ஒன்று,
கச்சான் காற்று அனலாக வீசியபோதும் ஒன்று.
ரெமிஜியுஸ் சாக்பீசால் தூணில் கோடு கிழித்தான்,
இறால் பெட்டி எண்ணுகிறவனைப் போல.

பன்னிரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.

கம்ப்ரஸர் நின்றது.
நான் மரத்தின் அடிமட்ட ஸ்வரத்தில் இருந்தேன்,
நிறுத்த மறந்துவிட்டேன்.
இத்தனை நேரம் அதில் பாதியை
அந்த இயந்திரம் தின்றுகொண்டிருந்திருக்கிறது.
நெத்திலி அள்ளிக்கொண்டிருந்த மெர்சலினா அக்கா
பாம்பன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
இந்நேரத்துக்கு ரயில் கிடையாது.
"நெஞ்சுக்குள்ள யாரோ செருமுற மாதிரி இருக்கு, நிப்பாட்டு."
நிறுத்தினேன்.
கூடையில் கை வைத்தபடி கொஞ்சம் நின்றார்.
"ஏன் நிப்பாட்டிட்ட?"

பட்சம் பார்க்கக் கூடாது என்று
அதே அமைதியில் உலோகத்தையும் எடுத்தேன்.
நினைத்ததைவிட நல்ல குரல்.
தகரம் என்று சொன்னது கம்ப்ரஸரின் கோள்.
தனியாகக் கேட்டால் மெல்லிசான, நேரான கோடு,
தூண்டில் நரம்பு தண்ணீரைத் தொடும் இடம் போல.
இது எனக்குப் பிடிக்கவில்லை.
முடிவு எடுத்துவிட்டேன் என்றல்லவா இருந்தேன்.

கரண்ட் வந்தது. மறுபடி மரம்.
மறுபடி அந்தச் சாவி.
எட்டிப் பிடித்தேன், ஒரு தையல் பிரிந்தது.
தாவணி நுனியால் சாவியைத் துடைத்தபோது
ரெமிஜியுஸ் எதுவும் சொல்லாமல்
உலோகத்தின் பெட்டியை மூடினான்.

பேரவைக்கு இதையெல்லாம் எழுத முடியாது.
"மரத்தில் சுருதி நிற்கிறது" என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை, தூணில் கோடு இருக்கிறது.
கையெழுத்துப் போட்டு,
டெல்பின், கிளாரினெட் பிரிவு என்று எழுதிவிட்டு,
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
மீன் பெட்டி ஒன்றும் வேண்டும்,
உடையாததாக.