தொண்ணூறு பாகை

புளியரை ரோட்டுப் பட்டறைக்கு
கிராங்கைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தான் புனலூர் ஈப்பன்.
எஸ்டேட் ஏலத்தில் பிடித்த பழைய இரட்டை சிலிண்டர்.
"பவர் கூடண்டா அண்ணாச்சி.
ஒச்ச மாறணும்."

இரண்டு பிஸ்டனும் ஒன்றாய் ஏறி
ஒன்றாய் இறங்குகிற வண்டி அது.
சுற்றுக்கு ஒரு வெடி, இவன் ஒன்று, அவன் ஒன்று,
ரேஷன் கடைத் தராசில் நிறுத்த மாதிரி.
உச்சியில் இருவரும் ஒரே கணம் நிற்பார்கள்.
அந்த நிற்றல்தான் ஹேண்டில்பார் வழி ஏறி
தென்மலை தாண்டுமுன் விரல்களை மரக்கவைக்கும்.

அறுத்தேன், நடுவில்.
ஒரு பாதியைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பிடிக்க
மைதீன் பிச்சை வெல்டு வைத்தான்.
முடியும்வரை அவன் மூச்சுவிட்டதாய்த் தெரியவில்லை.

இனி
ஒருவன் உச்சியில் நின்று யோசிக்கையில்
மற்றவன் பாதிவழியில் பாய்ந்துகொண்டிருப்பான்.
ஒரு வெடிக்குப்பின் இருநூற்றெழுபது பாகை,
அடுத்ததற்குப்பின் நானூற்றைம்பது.
கூட்டினால் அதே இரண்டு சுற்று.
பெட்ரோல் அதே. எடை அதே.
மௌனத்தை மட்டும் இடம் மாற்றியிருந்தோம்.

முதல் உதைக்கு
வண்டி ஈப்பனைத் திருப்பி உதைத்தது.
கேமைத் திருத்திய நான் பாயிண்டை மறந்திருந்தேன்.
கிராங்க் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டது,
தீப்பொறி இன்னும்
பழைய விலாசத்துக்கே தபால் போட்டுக்கொண்டிருந்தது.
கணுக்கால் வீங்க வீங்கச் சிரித்தான்.

ராத்திரி பதினொன்றுக்கு மறுபடி:
தட்-தட்...
தட்-தட்...
பாதி சொல்லி நிறுத்துகிறவன் பேச்சு.
"இது மதி" என்றான்.

சாரலில் மலை ஏறினோம், நான் பின்னால்.
எஸ் வளைவில் தார் எண்ணெயாய்க் கிடந்தது.
நீளமான அந்த இடைவெளியில்
பின்டயர் ரோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதாய்
எனக்குத் தோன்றியது. அளந்து சொல்ல முடியாது.
இடுப்பு சொன்னது.

ஆரியங்காவு செக்போஸ்டில் சுதர்மன்
ஈப்பன் வண்டி வளைவில் கேட்டதுமே
தடியைத் தூக்கிவிடுகிறவர்.
இன்று தூக்கவில்லை.
டார்ச்சை முகத்தில் அடித்தார். "வண்டி ஏது?"
"அதே வண்டிதான், சாரே."
ஆர்.சி. புத்தகத்தை நனையாமல் பிடித்துக்கொண்டு
குனிந்து, எஞ்சின் நம்பரை
ஒவ்வோர் எண்ணாக விரலால் தடவி வாசித்தார்.
எல்லாம் ஒத்துப்போயிற்று.

தடி மேலே போனது.
நாங்கள் கடக்கையில் அவர் எங்களைப் பார்க்கவில்லை.
தலையைச் சாய்த்து
காதை மட்டும் வண்டிக்குக் கொடுத்து
நின்றிருந்தார்.