தானாய் விழும் கொண்டி

கொண்டியை நான்தான் செய்தனான்.
பழைய சைக்கிள் கம்பியை வளைச்சு
முனையில ஒரு பெரிய நட்டைக் கோத்து,
கதவு சாத்துப்பட்டால் தன்ர பாரத்தில
தானே விழுந்து பூட்டிற மாதிரி.
கதவையும் கொஞ்சம் சரிச்சுத்தான் போட்டனான்,
விட்டால் தானே வந்து மூடும்.
போன மாரியில ஒரே இரவில மரநாய்
ஏழு கோழியின்ர கழுத்தைக் கடிச்சுப் போட்டுது.
தின்னவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி.
மல்லாவி வெய்யில் தகரத்தில ஏறி நிண்டு கொதிக்குது.
முட்டை பொறுக்கப் பூந்தனான்.
கதவுக்குக் கல்லு முட்டுக் குடுக்க மறந்துபோனன்.
பின்னால 'டக்'.
என்ர கைவேலையின்ர சத்தம்.
ஒரு கணம் சந்தோசமாயும் இருந்தது.

உள்ளுக்க நிமிர ஏலாது. குந்தியிருந்தன்.
பங்கர் ஞாபகம் வந்தது எண்டு சொன்னால்
தலையாட்டுவியள், எனக்குத் தெரியும்.
வரேல்லை.
வந்தது கோழிப்பீ மணமும்
அடுப்பில பருப்பு அடிப்பிடிக்கப் போகுதே எண்ட யோசனையும்தான்.
ஃபோன் வீட்டு யன்னலில கிடந்து அடிச்சுது.
மகளாயிருக்கும், கார்மென்ட்சில தேத்தண்ணி நேரம்.
மூண்டு தரம் அடிச்சு ஓய்ஞ்சுது.
வலைக்குள்ளால விரலை விட்டுப் பார்த்தன்.
மரநாயின்ர கை எட்டக்கூடாதெண்டு
அளந்து வைச்ச தூரம்.
என்ர கையும் எட்டேல்லை.

அப்பதான் படலையில மோட்டார் சைக்கிள்.
சத்தத்திலயே தெரியும், லோன் தம்பி.
இந்தக் கூட்டுக்கெண்டு எடுத்த அறுபதினாயிரம்,
கிழமைக்கு ஆயிரத்து எண்ணூறு,
ரெண்டு கிழமை பிந்திப்போச்சு.
"அக்கா! கமலவேணியக்கா!"

வாயைத் திறக்கவே, வேண்டாமே?
பேடு ஒண்டு தலையைச் சரிச்சு என்னைப் பார்த்துது,
சொல்லன் எண்ட மாதிரி.
மூச்சடக்கி இருந்தன்.

அவன் போகேல்லை.
பாலை மர நிழலில நிண்டு ஆருக்கோ ஃபோன்:
"ஓம் சேர்... இல்லை சேர்...
பருப்பு எரியிற மணம் வருது சேர்,
ஆள் கிட்டடியிலதான் நிக்கோணும்."

வலைக்கு அங்கால ரெண்டு சப்பாத்து.
பிறகு ரெண்டு முழங்கால்.
பிறகு டிலக்சன்ர முகம்.
"என்னக்கா உள்ளுக்க?"
"முட்டை எடுக்கிறன்."
"சரி" எண்டான். மரியாதையான பிள்ளை.
கொண்டியைத் தூக்கினான். விட்டான். பிறகும் தூக்கினான்.
"இதார் செய்தது?
துணுக்காயில எங்கட வீட்டையும் மரநாய்ப் பிரச்சினைதான்."
நானும் ஒரு மடைச்சி,
"உள்ளுக்க வந்து பார் தம்பி,
அந்த நட்டிலதான் சூட்சுமமே" எண்டன்.

வந்தான்.
டக்.

இப்ப ரெண்டு பேர், பதினாலு கோழி,
அவன்ர மடியில எங்கட ஊரின்ர கடன் அட்டை முழுக்க.
அவன்ர ஃபோன் பைக் சீற்றில.
பருப்பு மணம் முடிஞ்சு
சட்டி மணம் தொடங்கீற்றுது.

கத்தினம், ரெண்டு பேரும் சேர்ந்து.
வேலிப் பொட்டுக்குள்ளால சிவயோகம் வந்தா.
வந்தவ பைக்கைக் கண்டா.
அவவும் எங்கட குழுதான். அவ மூண்டு கிழமை.
"சிவயோகம்!" எண்டன்.
சட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு
வந்த பொட்டாலயே திரும்பிப் போனா,
காது கேளாத ஆள் மாதிரி.

பிழை சொல்லேலாது.
நானும் அப்பிடித்தான் போயிருப்பன்.

டிலக்சன் அட்டைக்கட்டால விசிறினான்,
முதலில தனக்கு, பிறகு எனக்கும்.
சாம்பல் பேடு அவன்ர சப்பாத்தில ஏறி நிண்டுது.
"லீசிங்காரன் பின்னேரம்
பைக்கைத் தூக்க வீட்டை வாறனெண்டவன்" எண்டான்,
கொண்டியைப் பார்த்தபடி.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
"வரட்டும்."

நான் மடியில கிடந்த முட்டையை எண்ணினன்.
ஒன்பது.
ஒண்டு இன்னும் சூடு.