ஐந்தாம் எண் சட்டை

டத்தோ கிராமாட் சாலையில் என் சலவைக்கடை.
ஆட்டம் முடிந்த இரவு
சாக்கிலிருந்து கொட்டும் பதினாறு சட்டைகள்.

கோல் அடித்தவனுடையதில் வேர்வை மட்டும்.
ஐந்தாம் எண்ணில்தான் சேறு, புல்,
ஒருமுறை ரத்தம், யாருடையதோ.
காலருக்குள் மையில்: மெக்கில்ரே.
ஸ்காட்லாந்துக்காரனாம்.
பேப்பரில் அவன் பெயரை
இரண்டு விதமாய்த் தப்பாகப் போட்டார்கள்.

ஏழு ஆட்டம்.
எட்டாவதில் முட்டி போச்சு என்றான் வேன் ஓட்டும் அஸ்மி,
தோற்றதை முதலில் சொல்லிவிட்டு.

அப்புறமும் மூன்று வாரம் வந்தது,
நான் போட்ட மடிப்பு கலையாமல்.
அதையும் துவைத்தேன்.
கணக்கு பதினாறு.

நாலாம் வாரம் சேற்றோடு வந்தது.
கூடவே ஒரு சீட்டு:
காலர் மையை எடுத்துவிடவும்.

எலுமிச்சை, உப்பு, வெயில்.
பாதிதான் போனது.