வளாகத்துக்குள் மட்டும்

பேர்ன் நகரில், பல்கலைக்கழக நூலகத்தின்
தகவல் மேசையில் எனக்குப் பின்னேர வேலை.
கழிப்பறை எங்கே என்பதுதான்
அதிகம் கேட்கப்படும் கேள்வி.
அடுத்தது, போனுக்கு மின்சாரம் எங்கே.
மூன்றாவதை யாரும் நேராகக் கேட்பதில்லை.
மேசை விளிம்பைத் தடவியபடி,
"நான் இங்கே படிக்கிறவன் இல்லை" என்று
குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் தொடங்குவார்கள்.

இருக்கலாம், என்பேன் மனசுக்குள்.
படிக்காதவராய் இருக்கலாம்.
இங்கேயும் இருக்கலாம்.
ஜெர்மன் மொழியில் இந்த இரண்டுக்கும்
இரண்டு வாக்கியம் செலவாகும்.

அப்படி வந்தவர்தான் எஷ்லிமன்.
ட்ராம் ஓட்டுநரின் சீருடை, ஈரக் காலணி,
எட்டாய் மடித்து மடிப்பில் எழுத்தழிந்த
மருத்துவமனைக் கடிதம்.
மகளுக்குப் பதினொரு வயது.
மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறாளாம்.
நோயின் பெயர் ஒரு வரிக்குள் அடங்கவில்லை.
"இணையத்தில் தேடினேன்,
ஒவ்வொரு கதவிலும் விலை எழுதியிருக்கிறது."
கட்டுரை ஒன்றுக்கு நாற்பத்திரண்டு பிராங்க்.

எங்களிடம் காசில்லை. ஆனால் ஒப்பந்தம் உண்டு:
வெளியார் வாசிக்கலாம், வளாகத்துக்குள் மட்டும்,
தூணோரத்துக் கணினி இரண்டில் மட்டும்.
வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத வெளிச்சம்.

உட்கார்ந்தார்.
இருபது தொன் இரும்பை நிறுத்தும் கை
சுட்டியைப் பிடிக்கத் தடுமாறியது.
ஆங்கிலம், அதற்குள் இலத்தீன்.
அரை மணி நேரம் முதல் பக்கத்திலேயே நின்றார்,
சிவப்பு விளக்கில் நிற்பதுபோல்.

அடுத்த கதிரையில் ஆர்பெனிட்டா,
மருத்துவம் நான்காம் ஆண்டு.
காலையில் பிடித்த இடத்தைத்
தண்ணீர்ப் போத்தல் வைத்துக் காக்கிறவள்.
பரீட்சைக்கு ஐந்து நாள்.
சத்தம் போடாதே என்று
நானே இரண்டு முறை அதட்டியிருக்கிறேன்.
காதில் செருகியிருந்ததைக் கழற்றினாள்.

"மூளை ஆணை அனுப்புகிறது.
நரம்பு கொண்டுவருகிறது.
தசையின் வாசலில்தான் தகராறு."

அவர் யோசித்தார்.
"மேலே கம்பியில் மின்சாரம் இருக்கிறது,
வண்டியின் கொம்பு சரியாகத் தொடவில்லை.
அப்படியா?"

இப்போது அவள் யோசித்தாள்.
"அப்படியேதான்.
பரீட்சையில் இதையே எழுதிவிடுவேன்."

பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும்.
ஆளில்லாத தொலைபேசியில்
ஏழு நிமிடம் பேசினேன்.
மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது,
எழுதுவதில் பயமில்லை.

மருந்து கிடைக்கவில்லை,
அதை எந்த அடுக்கிலும் நாங்கள் வைப்பதில்லை.
கிடைத்தது ஒரு கேள்வி.
செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் கேட்க,
ஆர்பெனிட்டாவின் கோணல் கையெழுத்தில்.
அதை வெளியே கொண்டுபோக
எந்த ஒப்பந்தமும் குறுக்கே நிற்கவில்லை.
கடிதத்தை மடித்ததுபோல் அதை மடிக்கவும் இல்லை அவர்.

பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள்.
வாடகை ஏற்றத்தை எதிர்த்து எழுத
சட்டப் பிரிவில் மூன்று நாள் குந்தியிருந்த தையற்காரி.
முகாமிலிருந்து நடந்துவந்து
ஜெர்மன் வினைச்சொற்களை உதடசைத்து
மனப்பாடம் செய்த எரித்திரியப் பையன்.
வெறும் சூட்டுக்காக வந்து
வெறும் சூட்டோடு போனவர்களும் உண்டு.
தூணோரக் கணினி ஒன்று பழுதாகி,
திருத்தக் கேட்ட மனு இன்னும் மேலே இருக்கிறது.

பெப்ரவரியில் ஒரு இரவு.
நான் நிலையத்துக்கு ஓடி வரும்போது
ஒன்பதாம் இலக்கம் கதவை மூடிவிட்டது.
இந்த ஊரில் மூடினால் மூடியதுதான்,
கையசைத்தால் குளிர்வது கை மட்டுமே.

நகரவில்லை வண்டி.
நாற்பது நொடி.
கடிகாரம் செய்கிற நாட்டில்
அது சின்னத் தொகை இல்லை.

கதவு திறந்தது. ஏறினேன்.
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
சீருடை போட்ட முதுகு மட்டும் தெரிந்தது.
ஒலிபெருக்கி ஒருமுறை தொண்டையைச் செருமியது:
"தாமதத்துக்கு மன்னிக்கவும்.
தொடுகை விட்டு விட்டு இருந்தது.
இப்போது கொஞ்சம் பரவாயில்லை."

எதிரே இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் கூரையைப் பார்த்தேன்,
அதற்கும் மேலே எங்கோ
கம்பி இருக்கும் இடத்தை.