பத்தாம் இடம்

ஸ்கோர் பலகையில் எண் ஏற்றுவது என் வேலை.
மர ஏணியில் ஏறி, கதவை முட்டித் திறந்து
உட்கார்ந்தால் மைதானம் மொத்தமும் என் மடியில்.
சனிக்கிழமைக்கு நாற்பது டாலர், ஒரு ஹாட் டாக்.
மற்ற நாளெல்லாம் கடையில் ஆணி விற்கிறேன்.

அயோவாவின் இந்த மூலையில்
சோளம் அறுத்த பிறகு பார்க்க வேறொன்றும் இல்லை;
அதனால் வந்தார்கள்.
செப்டம்பரில் ஆயிரத்து இருநூறு பேர்.
அக்டோபரில் பெற்றோர்கள், பேண்டு வாசிப்பவர்கள்.
நவம்பரில் பெற்றோரிலும் சிலர்
காருக்குள்ளேயே ஹீட்டர் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

சொந்த மண்ணில் முதல் ஆட்டம் பூஜ்யம்.
அடுத்தது ஏழு. அப்புறம் மூன்று.
ஆறு எடுத்த அன்று தேவாலயத்தில் மணி அடித்தார்கள்,
வந்தவர்கள் ஐம்பத்திரண்டு எடுத்ததை
யாரும் பேச்சில் எடுக்கவில்லை.
வெளியூர் போய் வாங்கிவந்தது தனிக் கணக்கு.
அதை நான் ஏற்றவில்லை;
ரேடியோவில் கேட்டபடி பெயிண்ட் டப்பா அடுக்கினேன்.
லீக்கில் எங்களுக்குப் பத்தாம் இடம்.
இருப்பதே பத்து அணிதான்.

பயிற்சியாளர் டெவ்ரீஸ்
காலையில் வகுப்பில் ரோமாபுரியின் வீழ்ச்சியை நடத்துபவர்.
அக்டோபர் பாதியில்
பையன்கள் அதற்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பந்தை எறியும் பையன், கோல்பி ரஸ்முசன்,
செவ்வாய்க்கிழமைகளில் ஒட்டுநாடா வாங்க வருவான்.
"மணிக்கட்டுக்கா, தோளுக்கா?"
"கார் பம்பருக்கு, லோர்னா."
முதுகில் புல்லின் பச்சை ஏறிய பையன்.
விழுந்தால் உடனே எழ மாட்டான்.
ஹெல்மெட்டைத் திருப்பி ஒருமுறை வானத்தைப் பார்ப்பான்,
தொலைத்தது ஏதோ அங்கே கிடக்கிற மாதிரி.

கடைசிச் சனிக்கிழமை பொடிப்பனி.
ஒரு டச் டவுன் எடுத்திருந்தோம்,
உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
நான்காம் பகுதியில் கோல்பி எறிந்தான்.
ஒன்பது ஆட்டமாக பெஞ்சைத் தேய்த்த ஜரெட் டிங்மன்
பிடித்தானா, வழுக்கி அதன்மேல் விழுந்தானா,
நடுவர் இரு கையும் தூக்கும்வரை அவனுக்கே தெரியாது.
மறுபடி உதை. மறுபடி கம்பம்.
ஆகட்டும், பன்னிரண்டு!

பொத்தானை அழுத்தினேன்.
பலகையில் 2.
இன்னொருமுறை அழுத்தினேன்.
2.
பத்தாம் இடம் செத்துப்போயிருந்தது.
எப்போது செத்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.
கோடையிலேயே போயிருக்கலாம்.
பருவம் முழுக்க அதற்கு ஒரு வேலையும் வரவில்லையே.

கீழிருந்து கத்தினார்கள், ஒன்று எங்கே, ஒன்று எங்கே என்று.
என்னிடம் இருந்தது புறா எச்சம் கூட்டும் துடைப்பம்.
வெளிப்பலகையில் இறங்கி, முதுகைக் கம்பியில் சாய்த்து
அதை 2-க்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தேன்.
உற்சாகக் குழுவிலிருந்து டெஸ்ஸா வான்ஹோர்ன்
குட்டைப் பாவாடையோடு ஏணியில் ஏறிவந்து
தன் அரக்குநிறக் குஞ்சத்தை அதன் தலையில் கட்டினாள்.
துடைப்பத்துக்குக் குஞ்சமா என்று கேட்கக்கூடியவர்கள்
காருக்குள் இருந்தார்கள்.
அவர்கள்தான் முதலில் ஹாரன் அடித்தார்கள்.

நான்கு நிமிடம், பதினோரு நொடி.
விரல்கள் எனக்குச் சொந்தமாக இல்லை.
அதற்குள் எதிரணி இன்னொரு ஏழு எடுத்தது.
பொத்தான் உள்ளே, கையில் துடைப்பம்; நான் என்ன செய்ய?
பலகை நாற்பத்தொன்றிலேயே நின்றது.
அவர்கள் பயிற்சியாளர் பலகையைக் காட்டி ஏதோ சொன்னார்,
பிறகு என்னைப் பார்த்தார், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.
ஏட்டில் நாற்பத்தெட்டு என்றுதான் இருக்கிறது.

கடைசி ஆட்டத்தின் கடைசி வீழ்ச்சி.
கோல்பி மல்லாந்து கிடந்தான். ஹெல்மெட்டைத் திருப்பினான்.
வானத்துக்குக் கொஞ்சம் கீழே,
நான்.

திங்கட்கிழமை ஃபியூஸ் மாற்றினேன்.
மூன்று டாலர் இருபது, கல்லூரிக்கு பில்.
எல்லா பல்பும் எரிகிறதா என்று பார்க்க
எண்பத்தெட்டு போடுவது வழக்கம்.
போட்டேன்.
சொந்த அணி எண்பத்தெட்டு, வந்த அணி பூஜ்யம்.
மைதானத்தில் பனி, ஒரு முயல்.
சாயங்காலம்வரை அணைக்கவில்லை.