நாயைப் பிடியுங்கள்

கிணறுகளின் பட்டியலை
முதலில் புகைப்படமாகத்தான் வெளியிட்டோம்.
முத்திரை சற்றே சாய்ந்து விழுந்த பதினொரு பக்கம்.
தேட முடியாது. கூட்ட முடியாது.
ஆனாலும் வெளியிட்டாயிற்று என்று
உலான்பாத்தருக்கு எழுதிவிட்டு
உப்புப் போட்ட பால்தேநீர் குடித்தோம்.

தண்ணீர் லாரி ஓட்டும் துகார்
அந்தப் பதினொரு பக்கத்தையும்
மகளின் பள்ளி நோட்டில் வரிவரியாய் நகலெடுத்தான்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
என்ஜின் உறைந்துவிடாமலிருக்க உறுமவிட்டபடி
வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, பல இரவுகள்.
மூன்றாம் வாரம் அலுவலகத்துக்கு வந்தான்.
தொப்பியைக் கழற்றவில்லை.

"நாற்பத்தேழாம் எண் கிணறு.
ஆழம் தொண்ணூறு மீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள்.
செலவும் போட்டிருக்கிறீர்கள்.
நேற்று அங்கே போனேன்.
கல் இருக்கிறது. காற்று இருக்கிறது."

அதற்குப் பிறகுதான்
எண்ணை எண்ணாகவே கொடுத்தோம்.
யாரும் எடுக்கலாம்,
காசு வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம்.
எப்போது அளந்தது, யார் அளந்தது,
எந்த வரியில் எங்களுக்கே சந்தேகம்
என்பதும் சேர்த்து.
வசந்தத்தில் துளையிடும் இயந்திரம் வந்து இறங்கியது,
யாரும் யாரிடமும் எதுவும் பேசாமல்.
எனக்குப் பெருமையாக இருந்தது.
அந்தப் பெருமைதான் அடுத்ததைச் செய்தது.

மந்தைக் காய்ச்சல் கணக்கு.
பாக் வாரியாக, வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக.
எத்தனை நுணுக்கமோ அத்தனை நேர்மை என்று நம்பினேன்.
பெயர்கள் இல்லை, மூன்று முறை சரிபார்த்தேன்.
நான்காம் பாக், பெண்,
இருபதிலிருந்து இருபத்தொன்பது:
1.

நான்காம் பாக்கில் அந்த வயதுக்காரிகள் ஆறு பேர்.
இலையுதிர்காலத்தில் மருத்துவமனைக்கு
ஜீப் ஏறிப் போனவள் ஒருத்தி.
நான் ஒன்று என்று எழுதினேன்.
படித்தவர்கள் ஒருத்தி என்று படித்தார்கள்.
மறுவாரம் அவள் கறந்த பாலை யாரும் வாங்கவில்லை.
பெண் பார்க்க வருவதாயிருந்தவர்கள்
பனியைக் காரணம் சொன்னார்கள்.
அந்த வருடம் பனி குறைவு.
அந்தக் கணக்கும் எங்களிடம்தான் இருக்கிறது.

அவள் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை.

மேலதிகாரி ஷாராவ்
எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டச் சொன்னார்.
கிணறுகளையுமா, என்றேன்.
கிணறுகளைத்தான் முதலில், என்றார்.
நாற்பத்தேழாம் கிணற்றின் ஒப்பந்தக்காரர்
அவருடைய மைத்துனர் என்பது
எந்த அட்டவணையிலும் இல்லை.

அன்று சாயங்காலம் நான்காம் பாக்குக்குப் போனேன்.
புல்வெளிக்கு வேலி கிடையாது.
யார் குதிரையும் எங்கேயும் மேயும்,
யார் வண்டித் தடமும் எங்கேயும் ஓடும்.
ஆனால் ஒரு கூடாரம் கண்ணில் பட்டுவிட்டால்
யாராயிருந்தாலும் தள்ளி நின்று
ஒருமுறை கூவவேண்டும்:
நாயைப் பிடியுங்கள்!
நாயே இல்லாத வீட்டு முன்னாலும் அதுதான் வார்த்தை.
உள்ளே இருப்பவருக்கு
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள,
அழுதிருந்தால் முகம் துடைத்துக்கொள்ள,
கொஞ்சம் அவகாசம்.

கூவினேன்.
குழாயில் புகை இருந்தது.
யாரும் வெளியே வரவில்லை.
இருட்டும்வரை நின்றேன்,
பிறகு விளக்கைப் போட்டு வண்டியைத் திருப்பினேன்.

ஐந்துக்குக் கீழான எண்களை எடுத்துவிட்டேன்.
கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்காதபடி
பக்கத்துக் கட்டத்து எண்ணையும்.
வெறுமையாய் விடவில்லை, ஒரு கோடு போட்டேன்.
அடியில்: மறைத்தது நான், காரணம் இது,
கேட்க வேண்டுமானால் என் தொலைபேசி எண் இது.
அதற்குள் பதிவிறக்கியவர்கள் நூற்றுப் பத்தொன்பது பேர்.
அந்த எண் மட்டும்
எப்படி மாற்றியும் குறையவில்லை.

கிணறுகள் இன்றுவரை திறந்தே கிடக்கின்றன.
ஷாராவ் என்னோடு பேசுவதில்லை.
துகார் நேற்று கூப்பிட்டான்,
இரைச்சலில் பாதி கேட்கவில்லை:
அறுபத்திரண்டாம் எண், தண்ணீர் கசக்கிறது,
எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டேன், தேதியோடு.
சொன்னவர் பெயர் போடலாமா
என்று கேட்டேன்.